கொல்லிமலைச் சாமை

சென்னைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மணற்பரப்பில் அமைந்துள்ள ஊர் பாலவாக்கம். முன்னாளில் தோப்புகளும் மீனவர் குடியிருப்புமாக விளங்கிய அவ்வூர், 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று அவ்வூர் மளிகைக் கடைகளிலும், அடையாறு, மயிலாப்பூர் முதலிய பகுதிகளின் கடைகளிலும், நெல்லரிசி மூட்டைகளின் அருகே சிறு பைகளில் சாமையரிசியும் தினையரிசியும் வரகரிசியும் அடுக்கி வைக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அவற்றின் விலை நெல்லரிசியின் விலையினும் மிகுதி. நீரிழிவு நோயுடையாரும், உடல்நலம் பேண விரும்புவோரும் அவற்றை வாங்கிச் செல்கின்றனர்.

இரண்டு தலைமுறைக்கு முன்னர் இந்நகரத்தார் சாமைச் சோற்றை மதித்தாரல்லர். அது வறியவர் உணவு என்றும், மலைவாழ்நர் உணவு என்றும் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியவர் இன்று விலை கொடுத்து வாங்குகின்றனர்; அதனை வழிவழியாக விளைவித்தவருட் பலரோ இன்று நெல்லரிசியை உண்கின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காண விரும்புவோர் கொல்லிமலைக்குச் செல்லுதல் வேண்டும்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலை தமிழகத்தில் ஒரே தொடராக அமையாமல், சவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, பச்சை மலை எனத் தனித்தனிக் குன்றுத் தொகுதிகளாகச் சிதறிக் கிடக்கின்றது. அவற்றுள் ஒன்றே கொல்லிமலை. அதன் பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோ மீட்டர். மேற்பரப்பு கடல் மட்டத்திற்கு 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து சுவர்போல் செங்குத்தாக எழுந்து, உச்சியில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடத்தல் இம்மலையின் தனி இயல்பு. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. ஒவ்வொரு வளைவிலும் காற்றின் வெம்மை சிறிது சிறிதாகத் தணியும். மேலே சென்றதும், மலைமீது ஏறி வந்தோம் என்பதே மறந்துபோகும்படி வயல்களும் ஊர்களும் தோன்றும்.

மலையின் ஓடைகள் பல ஒன்றுகூடி ஐயாறு என்னும் ஆறாகின்றன. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அண்மையில் அவ்வாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து வீழ்ந்து, ஆகாய கங்கை என்னும் அருவியாகின்றது. பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியே சமவெளியை அடைகின்றது.

2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இம்மலையில் வாழ்வோர் ஏறத்தாழ 40,000 பேர். ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 140 பேர் என்று இதனைக் கொள்ளலாம். அதே ஆண்டில் தமிழ்நாடு முழுமைக்கும் இவ்வெண் 555. சென்னையிலோ 26,000-க்கும் மேல். மலைமக்களுள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லோடு இதனை மயங்குதல் கூடாது. மலையை ஆள்பவர் என்பதே இங்குப் பொருள். இவர்தம் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று இவர்கள் கூறுவர். மலையை வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பதினான்கு நாடுகளாகப் பகுத்து வாழ்ந்தனர். அப்பெயர்களே இன்று ஊராட்சிகளின் பெயர்களாக நிலைத்துள்ளன. சமவெளியில் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் எஞ்சிய நாட்டுப் பிரிவு, மலையின்மேல் அன்றாட வழக்கில் வாழ்கின்றது.

தமிழ் பயில்வோர்க்குக் கொல்லிமலை புதியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இம்மலைக்குத் தலைவன். வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் புறநானூற்றில் பாடியுள்ளனர். மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரிற் கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது பழஞ்செய்தி. போர் செய்து கொள்ளத்தக்க செல்வம் இம்மலையில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. பலாவும் தேனும் தினையும் அச்செல்வம்.

தினைப்புனம் காத்தல் குறிஞ்சித் திணையின் அழகிய காட்சிகளுள் ஒன்று. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில், கதிர் முற்றிய புனத்தில் மகளிர் பரண்மீது அமர்ந்து கிளி கடியும் செய்தி வருகின்றது. தழல், தட்டை, குளிர் என்னும் கிளிகடி கருவிகளின் பெயர்களையும் அங்கே காணலாம். இவற்றைப் பயில்வோர் காதற் காட்சியை நினைவிற் கொண்டு, தினையை மறந்துவிடுவதுண்டு. மலைமக்களுக்கோ தினையே முதன்மையானது. ஒருநாள் காவல் தவறினாலும் கிளியும் குருவியும் குரங்கும் ஆண்டு முழுவதற்கும் உரிய சோற்றைக் கொண்டுபோய்விடும்.

கொல்லிமலை உழவன் தன் நிலத்தை அதன் கிடப்பை நோக்கிப் பயன்கொள்வான். ஊற்று நீர் தேங்கும் பள்ளங்கள் நெல் வயல்களாகும். வீட்டை அடுத்த நிலங்களில் பலா, மலைவாழை, காபி, மிளகு, அன்னாசி ஆகியன வளரும். நீரேற வழியில்லாத சரிவுகளும் கல் நிறைந்த மேடுகளும் எஞ்சும். அந்நிலத்திற்கு உரியவை சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள். கோடை மழை பெய்து மண் நனைந்தபின் வைகாசி, ஆனி மாதங்களில் சாமையை விதைப்பர். தனியே விதையாமல் ஆமணக்கு, கடுகு, அவரை போன்றவற்றையும் ஊடே விதைத்தல் உண்டு. மழை பொய்த்துச் சாமை குறைந்தால் ஆமணக்காவது எஞ்சும். ஒன்றை அரித்த பூச்சி மற்றொன்றைத் தொடாது. பயிருக்குக் காப்பீடு என்னும் சொல் பிறக்கும் முன்னரே இவ்வேற்பாடு அங்கு இருந்தது.

சாமை என்பது ஒரே பயிர் என்று நகரத்தார் கருதுவர். மலையில் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை எனப் பல உண்டு. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கன்தினை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, சட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. இவை வெறும் பெயர்கள் அல்ல. ஒன்று விரைவில் முற்றும். மற்றொன்று பிந்தி முற்றினும் மிகுதியாகத் தரும். ஒன்று மெலிந்த மண்ணிலும் பிழைக்கும். மற்றொன்று சற்று வளமான மண்ணையே வேண்டும். எந்த நிலத்திற்கு எந்த விதை என்னும் அறிவு ஏட்டில் எழுதப்படாமல் மக்கள் நினைவிலேயே இருந்தது. விதையைத் தெரிந்தெடுத்துக் காத்தவர் பெரும்பாலும் பெண்டிரே. நல்ல கதிர்களைத் தனியே கொய்து உலர்த்தி, வேப்பிலையும் சாம்பலும் இட்டு வைப்பர். உணவுத் தானியத்தைச் சேமிக்க வீட்டில் தொம்பை உண்டு. மூங்கிலால் முடைந்து, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய கூடு அது.

இவ்வளவு பொருத்தமான பயிரை மக்கள் ஏன் கைவிட்டனர்? அவர்களை அறியாமை உடையவர் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் உண்மை அதுவன்று. காரணங்கள் மூன்று. மூன்றும் அவர்களுக்கு நன்மையாகவே வந்து சேர்ந்தவை.

முதலாவது மரவள்ளி. இக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் வழியே இந்தியக் கடற்கரைக்கு வந்து, 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளின் ஊக்கத்தால் அந்நாட்டில் பரவியது. பின்னர், இரண்டாம் உலகப் போரால் கீழை நாட்டு இறக்குமதி தடைப்படவே, 1940-களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. சாவகத்திலிருந்து வந்த அரிசி என்பதே சவ்வரிசி ஆயிற்று என்பர். சாவகத்துச் சவ்வரிசி ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து செய்யப்பட்டது. சேலத்துச் சவ்வரிசியோ கிழங்கின் மாவு. பெயர் ஒன்று, பொருள் வேறு. தொழில் பெருகி நூற்றுக்கணக்கான ஆலைகள் எழுந்தன. 1981-இல் ஆலையினர்க்கெனச் சேலத்தில் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. ஆலைகளின் பசிக்குச் சமவெளிக் கிழங்கு போதாதபோது, கொல்லிமலைச் சாலை வழியே லாரிகள் மேலேறின. சாமை விற்றுக் காணாத பணத்தை உழவன் மரவள்ளி விற்றுக் கண்டான். பிள்ளையின் கல்விக்கும் மருத்துவச் செலவிற்கும் பணமே வேண்டும்; சாமையை அளந்து கொடுத்து அவற்றைப் பெற இயலாது. அவன் செய்ததில் குற்றம் காண்பதற்கில்லை.

ஆயினும் மரவள்ளி நிலத்தில் பத்துத் திங்கள் வரை நிற்கும். நின்ற காலத்தில் வேறு பயிருக்கு இடமில்லை. கிழங்கு அகழும்போது சரிவில் உள்ள மண் பொலபொலத்துப் போகின்றது. அடுத்த மழை அதனை ஓடைக்குக் கொண்டு செல்கின்றது. விளைச்சல் குன்றாமல் இருக்க உரம் வாங்க வேண்டும். மாவின் விலை சந்தையில் வீழ்ந்த ஆண்டிலோ, விற்ற பணம் உரக்கடனுக்கே சரியாகிவிடும்.

இரண்டாவது காரணம் நியாயவிலைக் கடை. குறைந்த விலையில் நெல்லரிசி மலையூர்களுக்கும் வந்தது. 2011-ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் தமிழ்நாட்டில் அது விலையின்றியே வழங்கப்படுகின்றது. பஞ்ச காலத்தில் மக்கள் கிழங்கும் கீரையும் தேடி அலைந்த வரலாற்றை அறிந்தவர் எவரும் இத்திட்டத்தைக் குறைகூறார். ஆனால் அரிசி வீடு தேடி வந்தபின், சாமைக்காகச் சரிவில் உழைப்பார் குறைந்தனர்.

மூன்றாவது காரணம் உலக்கை. நூல்களில் இதனைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனினும் மற்றை இரண்டினும் இதுவே வலிமை வாய்ந்தது எனலாம்.

கேழ்வரகை அப்படியே திரிகையில் இட்டு மாவாக்கலாம். அதன் தோல் உண்ணத்தக்கது. சாமையும் தினையும் அவ்வாறல்ல. கடுகினும் சிறிதே பெரிய மணியை வழுவழுப்பான கடின உமி இறுகப் பற்றியிருக்கும். அதனை நீக்கக் கதிரவன் ஒளியில் காயவைத்து, உரலில் இட்டு உலக்கையாற் குத்தி, முறத்தில் இட்டுப் புடைத்து, உமி போகாதவற்றை மீண்டும் உரலில் இட வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தாற்றான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி கிடைக்கும். நொய்யும் தவிடுமாகக் கழிவதும் உண்டு. இருவர் மாறி மாறிக் குத்துதல் பாட்டுக்குரிய அழகிய காட்சிதான். உலக்கைப் பாட்டின் பெயராகிய வள்ளையை இலக்கணமும் குறிக்கின்றது. ஆனால் விடியுமுன் எழுந்து நீர் சுமந்து, விறகு சுமந்து, காட்டில் களையெடுத்து மீண்ட பெண்ணுக்கு, அவ்வுலக்கையின் எடை பாட்டால் குறையவில்லை. அரிசி கடையிலேயே கிடைக்கும் என்றான அன்று, அவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டாள். சாமையின் வீழ்ச்சியைக் காட்டில் தேடுவோர், முதலில் அடுக்களை முற்றத்தைப் பார்த்தல் வேண்டும்.

மூவகைச் சிறுதானியங்களுள் கேழ்வரகு மட்டும் தமிழகத்து வீடுகளில் பெரிதும் நிலைத்து நின்றதற்குக் காரணமும் இங்கேதான் உள்ளது. குத்த வேண்டாத தானியம் களியாகவும் கூழாகவும் பிழைத்தது. குத்த வேண்டியவை பின்தங்கின.

இந்நிலை கொல்லிமலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. மக்கள் செறிவு குறைந்த மலைநாடுகள் பலவற்றிலும் இக்கதையே நிகழ்ந்துள்ளது. ஜப்பான் நாட்டின் பெருந்தீவாகிய ஒன்சூவின் வடகிழக்கில் இவாத்தே என்னும் மாவட்டம் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர கிலோ மீட்டர். ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 80 பேரே வாழ்கின்றனர். மேற்கே ஓயு மலைத்தொடர், கிழக்கே கித்தகாமி மேட்டுநிலம். இரண்டிற்கும் இடையே கித்தகாமி ஆறு தெற்கு நோக்கிப் பாய்கின்றது. கோடையில் பசிபிக் பெருங்கடலிலிருந்து 'யமசே' என்னும் குளிர்ந்த ஈரக் காற்று வீசும் ஆண்டுகளில் நெற்கதிர் மணி பிடிக்காமல் பதராகிவிடும். அக்காற்றைத் தாங்கி நின்ற பயிர் 'கியே'. அது நம் குதிரைவாலியின் நெருங்கிய உறவு. உமியோடு நெடுநாள் கெடாமல் இருத்தலின், மலையூரார் பஞ்ச காலத்திற்கென அதனைச் சேர்த்து வைத்தனர். அதன் தாளைக் குதிரைகளுக்கு இட்டனர். அவ்விடத்தைச் சேர்ந்த கவிஞர் மியசாவா கென்சி (1896 - 1933) வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பின்னர் ஊர் ஊராகச் சென்று உழவர்க்கு மண்ணையும் உரத்தையும் பற்றிக் கற்பித்தார். கவிஞர் ஒருவர் எருக்கணக்கு எழுதிக் கொடுத்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

உலகப் போருக்குப் பின்னர்க் குளிர் தாங்கும் நெல்வகைகளும் புதிய நாற்றங்கால் முறைகளும் வந்தன. இவாத்தே மக்களும் நெற்சோற்றையே விரும்பினர். கியே ஏறக்குறைய மறைந்தது. 1993-ஆம் ஆண்டில் கோடை குளிர்ந்தபோது, ஜப்பான் முழுவதிலும் நெல் விளைச்சல் வழக்கத்தினும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வடகிழக்குப் பகுதி மிகவும் நலிந்தது. தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. செல்வ நாடாகலின் அது தாங்கிற்று. இன்று அந்நாட்டில் கியே மிகுதியாகப் பயிராவது மீண்டும் இவாத்தேயிலேயே. எனினும் பழைய பரப்பை நோக்க அது சிறிது.

பயிரைக் கைவிட்டு மீண்டும் வேண்டும்போது, விதை எங்கிருந்து வரும்? குளிரூட்டிய அறைகளில் விதைகளைக் காக்கும் வைப்பகங்கள் உள்ளன. புதுதில்லியில் ஒன்று உண்டு. நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், பனி மலையைக் குடைந்து அமைத்த வைப்பகம் 2008-இல் திறக்கப்பட்டது. அவை இன்றியமையாதவை. ஆயினும் வைப்பகத்தில் உறங்கும் விதை அங்கு வந்த நாளில் இருந்தபடியே இருக்கும். சரிவில் ஆண்டுதோறும் விதைக்கப்படும் விதையோ மாறிவரும் மழைக்கும் புதிய பூச்சிக்கும் ஏற்பத் தானும் சிறிது சிறிதாக மாறும். வீட்டில் வைத்த சாமை விதைக்கும் வாழ்நாள் உண்டு. சில ஆண்டுகள் விதையாமல் விட்டால் முளைப்புத் திறன் போய்விடும். அத்துடன், எந்த மண்ணுக்கு எது என்னும் அறிவை எந்தக் குளிர் அறையிலும் வைக்க இயலாது.

பாலவாக்கத்திற்கு அண்மையில் உள்ள தரமணியில், வேளாண் அறிஞர் எம். எசு. சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. அந்நிறுவனத்தார் 1990-களில் கொல்லிமலைக்குச் சென்று, மறைந்துவரும் சிறுதானிய வகைகளைத் தேடித் தொகுத்தனர். ஊர்தோறும் விதை வைப்பகங்கள் அமைக்க உதவினர். ஒரு படி விதை பெற்றவர் அறுவடைக்குப் பின் இரண்டு படியாகத் திருப்பித் தருதல் அங்கு வழக்கம். வட்டி வாங்குவது வைப்பகமாயினும், பெருகுவது ஊரார் விதையே ஆதலால் அதனை எவரும் வெறுப்பதில்லை.

விதையினும் பெரிய மாற்றத்தைச் செய்தது ஒரு சிறிய பொறி. நெல் ஆலையில் இட்டால் சாமை நொறுங்கிப் பொடியாகும். சமவெளி வணிகர் வாங்கிய சாமை உமி நீக்கப்படுவதற்காக மகாராட்டிரத்து நாசிக் நகரம் வரை சென்று வருவதும் உண்டு. மலையில் விளைந்தது பல நூறு கிலோ மீட்டர் சென்று திரும்பி நகரக் கடையை அடைய, அதன் விலையில் உழவனுக்கு எஞ்சும் பங்கு சுருங்கிற்று. உமி நீக்கும் சிறு பொறிகள் கொல்லிமலை ஊர்களிலேயே அமைந்தபோது, மகளிர் குழுக்கள் அவற்றை ஏற்று நடத்தின. நாள் முழுதும் குத்த வேண்டிய சாமை சிறிது நேரத்தில் அரிசியாயிற்று. அரிசியாகவும் மாவாகவும் பையிலிட்டு விற்கவும் அவர்கள் கற்றனர். உலக்கை நின்றதால் குறைந்த பயிர், பொறி வந்ததால் சில காடுகளிலாவது திரும்பியது.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு, நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கிற்று. சிறுதானியத்தை வீட்டைவிட்டு வெளியேற்றிய அதே கடை வழியாகவே அதன் உறவு ஒன்று திரும்பி வருதல் காண்க. சாமைக்கு அந்நற்பேறு இன்னும் வாய்க்கவில்லை. உமி நீக்கும் பொறிகள் ஊர்தோறும் பெருகாதவரை வாய்த்தலும் அரிது.

கொல்லிமலைச் சரிவுகளில் இன்றும் மிகுதியாகக் காணப்படுவன மரவள்ளியும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுமே. இடையிடையே, நான்கைந்து மேடுகளுக்கு ஒன்றாக, கதிர் தலைசாய்ந்த சாமைக் காடு ஒன்று தென்படும். அதனை விதைத்த வீட்டின் மூலையில் அடுத்த ஆனிக்குரிய விதை, சாம்பல் பூசிய சிறு மூட்டையாகக் கிடக்கும்.